பெட்டிக்குள் ஐஸ் உருகியதா என்று பேட்டரி இல்லாத டேக் சொல்லுமா?

காசிமேட்டில் வாங்கும் இறாலையும் மீன் துண்டுகளையும் உறையவைத்து, பெட்டி போட்டு வெளியூருக்கு அனுப்பும் ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார். பேட்டரி இல்லாத ஆர்.எஃப்.ஐ.டி. டேக்கை, அதாவது ரேடியோ அலையால் படிக்கும் ஸ்டிக்கரை, அட்டைப்பெட்டியில் ஒட்டிவிட்டால், சரக்கு வழியில் உருகி மறுபடி உறைந்ததா என்பதைப் போய்ச் சேரும் இடத்தில் ரீடரைக் காட்டியவுடன் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு விற்பனையாளர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அது உண்மையா, வெப்பநிலையை நேரத்தோடு பதிவுசெய்யும் டேட்டா லாக்கரை விட்டுவிட்டு இதற்கு மாறலாமா, கைபேசியிலேயே படிக்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். இவற்றில் முதல் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பெட்டிக்குள் இருப்பது இந்த நொடியில் ஐஸா தண்ணீரா என்பது ஒன்று. நேற்று இரவு இரண்டு மணிக்கு அது எந்த நிலையில் இருந்தது என்பது மற்றொன்று. முதலாவதற்கு இந்த டேக் நம்பத்தக்க பதிலைத் தரும். இரண்டாவதற்கு, விற்பனையாளர் சொல்லும் சாதாரண ஸ்டிக்கரால் பதில் தரவே முடியாது. நான் ஆன்டெனா வடிவமைப்பைப் படித்துவிட்டு, பிறகு குளிர்பதனக் கிடங்குகளுக்கான கண்காணிப்புக் கருவிகளில் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். அந்த அனுபவத்தை வைத்து, எது உறுதி, எது சோதித்துப் பார்த்தே நம்பவேண்டியது என்பதைப் பிரித்துச் சொல்கிறேன்.

இந்த டேக் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிய வெகுதூரம் போகவேண்டாம். காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் இதே வகையைச் சேர்ந்ததுதான். சூரப்பட்டுச் சுங்கச்சாவடியில் மேலே தொங்கும் ரீடர் ரேடியோ அலையை அனுப்புகிறது; ஸ்டிக்கருக்குள் இருக்கும் ஆன்டெனா அதில் ஒரு சிறு பங்கைப் பிடித்து, நடுவில் உள்ள மணல்பருக்கை அளவுச் சிப்புக்கு மின்சாரமாகக் கொடுக்கிறது; சிப் விழித்துக்கொண்டு, ஆன்டெனா அலையைத் திருப்பி அனுப்பும் விதத்தை மாற்றி மாற்றித் தன் எண்ணைச் சொல்கிறது. ரீடரின் அலை நின்ற மறுகணம் சிப் அணைந்துவிடுகிறது. அதற்குக் கடிகாரம் கிடையாது. யாரும் படிக்காத நேரத்தில் அது எதையும் அளப்பதும் இல்லை, எழுதிவைப்பதும் இல்லை. சென்னையில் ஒட்டி, பெங்களூரில் படித்தால், இடைப்பட்ட சாலை முழுவதும் அந்த டேக்கைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. விற்பனையாளரின் பேச்சில் மறைந்துபோவது இந்த ஒரு விஷயம்தான்.

இனி, அது நன்றாகச் செய்யக்கூடிய வேலைக்கு வருகிறேன். இந்தியாவில் இந்த டேக்குகளுக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்த ஒதுக்கப்பட்டிருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை; அதன் அலைநீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். இந்த அதிர்வெண்ணில், பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸை ஒட்டிய தண்ணீரின் மின்காப்பு மாறிலி (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இணங்குகிறது என்பதன் அளவு) 87 அளவில் இருக்கிறது. அதே வெப்பநிலையில் உள்ள ஐஸுக்கோ அது ஏறத்தாழ 3.2 மட்டுமே. காரணம் மூலக்கூறுகளின் சுதந்திரம். தண்ணீரில் ஒவ்வொரு மூலக்கூறும் மின்புலம் திரும்பும் பக்கமெல்லாம் தானும் திரும்பிக்கொள்கிறது. நொடிக்குப் பல நூறு கோடி முறை புலம் மாறினாலும் அதனால் ஈடுகொடுக்க முடிகிறது. உறைந்தபின் படிக அமைப்பு அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. ஐஸுக்குள் மூலக்கூறுகள் நொடிக்குச் சில ஆயிரம் மாற்றங்களுக்கு மேல் பின்தொடர முடிவதில்லை. அதனால்தான் மிகக் குறைந்த அதிர்வெண்ணில் அளந்தால் ஐஸும் 90-ஐ ஒட்டிய மாறிலியைக் காட்டி, தண்ணீரிலிருந்து பிரித்தறியக் கடினமாகிவிடுகிறது. மெகாஹெர்ட்ஸ்களுக்குப் போனபின் இரண்டும் மலைக்கும் மடுவுக்குமாகப் பிரிந்துவிடுகின்றன. மாறிலியோடு, பொருள் அலையை விழுங்குவதால் வரும் இழப்பும் மாறுகிறது. இந்த அலை தூய குளிர்ந்த நீருக்குள் சில சென்டிமீட்டரிலேயே வலுவிழந்துவிடும், உப்புக் கலந்த நீரில் இன்னும் சீக்கிரம். தூய ஐஸுக்குள்ளோ பல மீட்டர் போகும். எனவே ஆன்டெனாவுக்கு அருகில் உள்ள ஐஸ் உருகும்போது இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. ஆன்டெனாவின் ஒத்ததிர்வு, அதாவது அது அலையை மிக நன்றாகப் பிடிக்கும் அதிர்வெண், கீழே நழுவுகிறது. அது பிடிக்கும் ஆற்றலில் பெரும்பங்கு தண்ணீரிலேயே வெப்பமாகக் கரைகிறது. உறைந்திருந்தபோது சில மீட்டரிலிருந்து படித்த டேக், உருகியபின் கையை நீட்டும் தூரத்தில்கூடத் தடுமாறும். இது உறுதியான இயற்பியல்.

இங்கே பலர் கேட்கும் துணைக்கேள்வி, வெப்பநிலையை அளந்தால் போதாதா, நிலைமாற்றத்தை எதற்குத் தனியாக அளக்கவேண்டும் என்பது. மைனஸ் 18 டிகிரியில் உள்ள ஒரு கிலோ ஐஸைப் பூஜ்ஜியம் வரை சூடாக்க ஏறத்தாழ 38 கிலோஜூல் போதும்; பூஜ்ஜியத்தில் நிற்கும் அதே ஐஸை முழுவதும் தண்ணீராக்க 334 கிலோஜூல் வேண்டும். அதாவது சரக்கு வாங்கும் வெப்பத்தில் மிகப் பெரும்பங்கு, வெப்பமானி அசையாமல் பூஜ்ஜியத்தில் நிற்கும் காலத்தில்தான் உள்ளே போகிறது. அந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு உருகியிருந்தாலும், பத்தில் ஒன்பது பங்கு உருகியிருந்தாலும், லாக்கர் ஒரே எண்ணைத்தான் காட்டும். டேக்கின் ஆன்டெனாவோ அந்தக் கட்டத்தில்தான் அதிகமாக மாறுகிறது. ஆகவே வெப்பமானி குருடாகும் இடத்தில் இதற்குக் கண் தெரிகிறது என்பது விளம்பரப் பேச்சல்ல. ஆனால் மறுபக்கமும் உண்டு. மைனஸ் 18-க்கும் பூஜ்ஜியத்துக்கும் இடையில் தூய ஐஸ் ஐஸாகவேதான் இருக்கிறது. சரக்கு மைனஸ் 4 டிகிரியில் மூன்று நாள் கிடந்து தரம் கெட்டுப்போயிருந்தாலும், தூய நீரை நம்பியிருக்கும் டேக் எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். உறைந்த உணவுக்கு எதிர்பார்க்கப்படும் வெப்பநிலை மைனஸ் 18 என்பதால், உங்கள் தொழிலுக்கு இது சிறிய குறை அல்ல.

அப்படியானால் இறாலையே நேரடியாகப் பார்த்தால் என்ன என்று தோன்றலாம். மீன், இறால் இவற்றின் தசையில் உள்ள நீர் உப்பும் புரதமும் கலந்தது. அது மைனஸ் 1 முதல் மைனஸ் 2 டிகிரிக்குள் உறையத் தொடங்கி, மைனஸ் 5 டிகிரியில் ஏறத்தாழ முக்கால் பங்கு உறைந்திருக்கும். மைனஸ் 30-இல்கூட ஒரு சிறு பங்கு உறையாமலே மிஞ்சும். மிஞ்சும் அந்தத் திரவத்தில் உப்பெல்லாம் செறிந்துவிடுவதால், அளவில் குறைந்தாலும் அது அலையை நன்றாக விழுங்கும். ஆகவே தசையை ஒட்டிய டேக்கில் தூய ஐஸில் தெரிவதுபோலத் தெளிவான படி தெரியாது. நீண்ட சரிவுதான் தெரியும். அதோடு கிளேஸ் (சரக்கின்மேல் பூசும் ஐஸ் படலம்) எவ்வளவு தடிமன், தலையுடன் போட்டதா தலையில்லாமலா, ஒரே கட்டியாக உறையவைக்கும் ஸ்லாபில் தண்ணீர் எவ்வளவு ஊற்றியது என்பதெல்லாம் பெட்டிக்குப் பெட்டி மாறும். என் அனுபவத்தில் இதற்கு நல்ல தீர்வு, சரக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு, டேக்குக்கென்றே அளந்து அடைத்த ஒரு சிறு திரவப் பையை அதனுடன் சேர்த்துக் கட்டி, அதைப் பெட்டிக்குள் சரக்கை ஒட்டி வைப்பதுதான். பைக்குள் இருக்கும் திரவம் எப்போதும் ஒன்றே என்பதால் டேக் காட்டும் மாற்றத்துக்கு ஒரே பொருள்தான் இருக்கும். எந்தத் திரவம் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது இன்னொரு நன்மை. ஐஸ்கிரீம் வண்டிக்காரர்கள் யூடெக்டிக் பிளேட் என்று சொல்லும் தகட்டுக்குள் இருப்பதும் இப்படிப்பட்ட உப்புக் கரைசல்தான். ஏறத்தாழ 20 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு கரைந்த நீர், மைனஸ் 11-ஐ ஒட்டிய ஒரே வெப்பநிலையில் உருகுகிறது. சாதாரண உப்பு 23 சதவீத அளவில் கரைந்தால் மைனஸ் 21-ஐ ஒட்டி உருகுகிறது. மைனஸ் 11 கரைசலைப் பையில் அடைத்தால், மேலே சொன்ன குருட்டுப் பகுதியில் பாதிக்கு மேல் அடைபட்டுவிடும். மைனஸ் 21 கரைசல் உங்களுக்கு உதவாது. மைனஸ் 18-இல் ஒழுங்காக இருக்கும் சரக்கிலும் அது உருகியே கிடக்கும்.

உருகுவதும் உறைவதும் ஒரே கதவின் இரண்டு பக்கங்கள் என்று நினைப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஐஸ் தன் உருகுநிலைக்கு மேல் ஐஸாக நீடிக்காது. சொன்ன வெப்பநிலை வந்ததும் உருகத் தொடங்கியே தீரும். தண்ணீர் அப்படி அல்ல. சில மில்லிலிட்டர் சுத்தமான நீரை அசையாமல் குளிரவிட்டால், பூஜ்ஜியத்தைத் தாண்டி மைனஸ் 5, மைனஸ் 10 என்று திரவமாகவே இறங்கிப் போய், பிறகு ஏதோ ஒரு கணத்தில் சட்டென்று உறையும். அந்தக் கணம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வராது. அளவு குறையக் குறைய இந்தத் தாமதம் கூடும். டேக்கோடு வைக்கும் பை சிறியது என்பதால் இது கட்டாயம் தலைகாட்டும். ஆகவே டேக் 'உருகிவிட்டது' என்று சொன்னால் அது வெப்பநிலையைப் பற்றியும் உறுதியான செய்தி. 'இன்னும் உறையவில்லை' என்று சொன்னால் அதைக்கொண்டு கிடங்கின் குளிர்சாதனம் சரியில்லை என்று முடிவுகட்டக்கூடாது. படிகம் தொடங்குவதற்கு வித்தாக இருக்கும் பொருள்களைத் திரவத்தில் சேர்த்து இந்தத் தாமதத்தைக் குறைக்கலாம். சில்வர் அயோடைடு அதில் பெயர்பெற்றது, செயற்கைப் பனி தயாரிப்பவர்கள் ஒரு பாக்டீரியாவின் புரதத்தைப் பயன்படுத்துகிறார்கள். குறைக்கலாம் என்பதோடு சரி. இல்லாமல் செய்ய முடியாது.

நினைவாற்றல் இல்லாத டேக்குக்கு நினைவைக் கொடுக்க வழியே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அந்த நினைவு சிப்பில் இருக்காது, ஒரு பொருளில் இருக்கவேண்டும். வர்தா, மிக்ஜாம் போன்ற புயல்களில் நாள்கணக்கில் மின்சாரம் போன வீடுகளில் பலர் கையாளும் ஒரு வழி இதற்குச் சரியான முன்மாதிரி. டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து ஃபிரீசரில் விட்டுவிடுகிறார்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் உருகவில்லை, அடியில் உறைந்து கிடந்தால் இடையில் உருகியிருக்கிறது. நாணயம் தானாக மேலே வராது என்பதுதான் அங்கே நினைவு. டேக்கிலும் இதையே செய்யலாம், ஏனென்றால் ஆன்டெனாவின் அருகில் ஓர் உலோகத் துண்டு இடம் மாறினால் அதன் ஒத்ததிர்வு பெரிதும் மாறும். சுற்றியிருப்பது ஐஸா தண்ணீரா என்பதைப் பொறுத்து அந்த மாற்றம் அழியாது. பலர் இதற்கு மாறாக, உருகிய சாயநீர் ஒரு தாளில் ஊறிப் பரவட்டும் என்று திட்டமிடுகிறார்கள். கண்ணால் பார்க்கும் காட்டிகளுக்கு அது போதும், ரேடியோ டேக்குக்குப் போதாது. ஊறிய நீர் மறுபடி உறைந்ததும் அதன் மாறிலி 3.2-க்கு இறங்கிவிடும், டேக் பழைய நிலைக்கே வந்ததுபோல் தோன்றும். உங்கள் கேள்வியே உருகி மறுபடி உறைந்த சரக்கைப் பற்றியது என்பதால், இந்த வேறுபாட்டை விற்பனையாளரிடம் கட்டாயம் கேளுங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராகுல் பட்டாச்சார்யா, சஞ்சய் சர்மா ஆகியோரின் குழு 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆன்டெனாவையே உணரியாக்கும் வழிகளை ஆராய்ந்தபோது, வெப்பநிலை ஒரு எல்லையைத் தாண்டினால் நிரந்தரமாக மாறிவிடும் டேக்குகளையும் செய்து காட்டியது. ரோம் நகரின் தோர் வெர்காதா பல்கலைக்கழகத்தில் கெய்தானோ மர்ரோக்கோவின் குழு, வடிவத்தை நினைவில் வைக்கும் உலோகக் கலவையை ஆன்டெனாவில் சேர்த்து இதே நோக்கில் உழைத்தது. எனவே கோட்பாடு நிரூபணமானது. ஆனால் கடையில் லேபிள் சுருளாகக் கிடைக்கும் சாதாரண டேக்குகள் இவற்றைச் சேர்ந்தவை அல்ல. நாணயம் போன்ற அமைப்பு வைத்தால் பெட்டியைக் கவிழ்த்து அடுக்கும் சுமைதூக்குபவருக்கும் அது ஈடுகொடுக்கவேண்டும், அதற்குப் புவியீர்ப்பை நம்பாமல் ஒரு சிறு வில்லை நம்பும் வடிவமே சரி.

சென்னைக்கென்று தனியாகச் சொல்லவேண்டிய ஒன்று ஈரக்காற்று. இங்கே ஆண்டின் பெரும்பகுதி, காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேலேயே இருக்கிறது. மைனஸ் 18-இலிருந்து வெளியே வரும் பெட்டி, கதவைத் திறந்த சில நிமிடங்களில் வேர்த்துவிடும். முதலில் உறைபனியாகவும், பிறகு தண்ணீராகவும் அட்டையின் மேல் படலம் படரும். உள்ளே சரக்கு கல்லாக இருக்கும்போதே வெளியில் ஒட்டிய டேக்கின் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் அதன் ஒத்ததிர்வைக் கீழே தள்ளி, 'உருகிவிட்டது' என்று பொய் சொல்லவைக்கும். வறண்ட, குளிர்ந்த ஊர்களில் எடுத்த செயல்விளக்க வீடியோக்களில் இந்தத் தொல்லை தெரியாது. இதற்கு மூன்று தடுப்புகள் உண்டு. டேக்கைப் பெட்டியின் வெளியில் ஒட்டாமல் உள்ளே, திரவப் பையோடு சேர்த்து நீர்புகாத உறைக்குள் வைத்து, அட்டையிலிருந்து சிறிது நுரைப்பொருளால் விலக்கி வைக்கலாம். திரவம் இல்லாத இன்னொரு டேக்கை அதே பெட்டியில் துணைக்கு வைத்து, இரண்டும் சேர்ந்து மாறினால் வேர்வை என்றும், பை உள்ளது மட்டும் மாறினால் உருகல் என்றும் கொள்ளலாம். எல்லாவற்றையும் விட எளியது, குளிரறைக்குள்ளேயோ ரீஃபர் என்னும் குளிர்பதன வண்டியின் கதவு திறந்த கணத்திலேயோ படித்துவிடுவது. பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் படித்த எண்ணுக்கு நான் மதிப்பே கொடுக்கமாட்டேன்.

எந்த எண்ணைப் படிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். எல்லா ரீடரும் காட்டும் எண், திரும்பி வந்த சமிக்ஞையின் வலிமை. அதை மட்டும் வைத்து உருகலைத் தீர்மானிக்கும் மென்பொருளைத் தவிர்த்துவிடுங்கள். இரும்பு ரேக்குகளும் தகரச் சுவர்களும் உள்ள அறையில் அலை பல வழிகளில் எதிரொலித்து வருவதால், ஒரு ஃபோர்க்லிஃப்ட் குறுக்கே போனாலே அந்த எண் உருகல் ஏற்படுத்தும் அளவுக்கு மாறும். அதைவிட நல்லது, ரீடரின் ஆற்றலைப் படிப்படியாகக் கூட்டி, டேக் எந்த அளவில் முதன்முதலில் விழித்துக்கொள்கிறது என்று பார்ப்பது. அருகருகே உள்ள இரண்டு டேக்குகளின் விழிப்பு ஆற்றல்களை ஒப்பிட்டால் தூரமும் எதிரொலியும் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். இன்னும் ஒரு படி மேலே, ஆக்ஸான் நிறுவனத்தின் மேக்னஸ் வகைச் சிப்புகள் ஆன்டெனா நழுவும்போது தம்மைத் தாமே இசைத்துக்கொண்டு, எவ்வளவு திருத்தவேண்டியிருந்தது என்பதை ஒரு எண்ணாகவே திருப்பிச் சொல்கின்றன. சிலவற்றில் வெப்பநிலை உணரியும் உள்ளது. அந்த எண் காற்றுவழியில் தேயாமல் வருவதால் நான் இந்த வகையையே விரும்புகிறேன். ஆனாலும், இவற்றைக்கொண்டு 'நாற்பது சதவீதம் உருகியது' என்பது போன்ற கணக்கைத் தருவதாகச் சொல்பவர்களிடம் எனக்குச் சந்தேகம் உண்டு. உருகும் பையில் தண்ணீர் எந்தப் பக்கம் சேர்கிறது, ஆன்டெனாவை ஒட்டிய பக்கமா எதிர்ப்பக்கமா என்பதைப் பொறுத்தே எண் பெரிதும் மாறும். உறைந்தது, கலந்தது, உருகியது என்ற மூன்று நிலைகளைப் பிரித்தால் அதுவே நேர்மையான விளைவு.

பெட்டிகளை அடுக்கியபின் உள்வரிசையில் இருப்பவை படிக்குமா என்பது சந்தேகப் பட்டியலில் வருவது. நன்றாக உறைந்த சரக்கு அலைக்கு ஓரளவு வழிவிடும். ஆனால் மேலே சொன்ன உறையாத உப்புத் திரவம் காரணமாக அது தூய ஐஸ் அல்ல, ஆழத்தில் உள்ள மாஸ்டர் கார்ட்டன்களிலிருந்து (பெரிய வெளிப்பெட்டிகளிலிருந்து) பதில் வரும் என்று எண்ணித் திட்டம் போடக்கூடாது. அலுமினிய ஃபாயில் பூசிய உள்ளுறை இருந்தால் பேச்சே இல்லை, அலை உள்ளே போகாது. பதில் வராத டேக் உருகிய டேக் என்று கணக்கிடும் தவறும் நடக்கிறது. ஒட்டுப்பசை விட்டு விழுந்தது, மடங்கி உடைந்தது, உலோகத்தோடு ஒட்டிக்கொண்டது ஆகிய எல்லாம் அதே மௌனத்தைத்தான் தரும். ஸ்டிக்கரை உறைந்த பரப்பில் ஒட்டாமல், உறையவைக்கும் முன்பே, ஃபிரீசருக்கென்று வரும் பசை உள்ளதாகப் பார்த்து ஒட்டவேண்டும். ரீடர் வாங்கும்போது இந்தியப் பட்டைக்கு அமைத்ததா என்று கேளுங்கள். அமெரிக்காவுக்குச் செய்தவை 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், அவற்றை இங்கே இயக்க அனுமதி இல்லை.

குளிரறையைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளான காயில்மேல் பனி படர்வதையும் இதே டேக்கால் கண்டுபிடிக்கலாமே என்று இன்னொருவர் கீழே கேட்டிருந்தார். அதற்கு என் பதில் வேண்டாம் என்பதே. உறைபனி பெரும்பாலும் காற்று நிறைந்த ஐஸ். அதன் மாறிலி ஒன்றுக்குச் சற்று மேலேதான் இருக்கும். வெறும் காற்று இருந்த இடத்தில் உறைபனி வரும்போது ஏற்படும் மாற்றம், ஐஸ் தண்ணீராகும்போது ஏற்படும் மாற்றத்தின் முன் மிகச் சிறியது. அதோடு காயில் முழுக்க, ஆன்டெனாவைக் குலைக்கும் உலோகத் துடுப்புகள்.

தடுப்பூசிகளைக் குளிர்ச்சி குறையாமல் கொண்டுசேர்க்கும் குளிர்ச்சங்கிலியில் கேள்வி தலைகீழானது: உருகியதா என்பதல்ல, உறைந்ததா என்பது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டிய ஹெபடைட்டிஸ் பி, பென்டாவேலண்ட் போன்றவை ஒருமுறை உறைந்தாலே கெட்டுவிடும். குப்பியின் மேலுள்ள வி.வி.எம். என்னும் நிறம் மாறும் சதுரம் வெப்பத்தைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. அங்கே பொருளின் நினைவு எளிதில் கிடைக்கிறது, ஏனென்றால் தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. உறைந்தால் உடையும் சிறு குப்பியை வைத்து 3எம் நிறுவனம் செய்த காட்டி பல காலமாகப் புழங்கியது. அதே விரிவால் ஒரு மெல்லிய கம்பி அறுபடும்படி செய்து, கம்பி அறுந்ததா என்று சொல்லும் சிப்போடு இணைத்தால், பேட்டரி இல்லாத உறைவு நினைவு கிடைத்துவிடும். என்.எக்ஸ்.பி. நிறுவனத்தின் என்டேக் வரிசையில், பெட்டியைப் பிரித்தார்களா என்று காட்டுவதற்காக இப்படிக் கம்பியைக் கவனிக்கும் சிப் இருக்கிறது. அது கைபேசியில் படிக்கக்கூடியது.

கைபேசியைப் பற்றிய உங்கள் மூன்றாம் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கைபேசிக்குள் இருப்பது 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் என்.எஃப்.சி. என்ற குறுந்தூர முறை; மேலே சொன்ன 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் ஃபாஸ்டேக் வகை யு.எச்.எஃப். டேக்குகளைச் சாதாரணக் கைபேசி படிக்காது, அதற்குத் தனி ரீடரோ, கைபேசியோடு இணைக்கும் உபகரணமோ வேண்டும். என்.எஃப்.சி. டேக்கைச் சில சென்டிமீட்டரில்தான் தொடமுடியும் என்பதால், வண்டி நிறையப் பெட்டிகளை வாசலில் ஒரே வீச்சில் படிக்கும் வேலை அதனால் ஆகாது. ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுப் பார்க்க ஆள் இருக்கும் சிறிய அனுப்புதல்களுக்கு அது போதும்.

லாக்கரை விட்டுவிடலாமா என்பதற்கு, விட்டுவிடவேண்டாம் என்பதே பதில். ஐரோப்பாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அங்கே உறைந்த உணவின் போக்குவரத்தில் வெப்பநிலையைப் பதிவுசெய்வது சட்டப்படி கட்டாயம், பதிவுக்கருவி இ.என். 12830 என்ற தரத்துக்கு உட்பட்டிருக்கவேண்டும், டேக் காட்டும் மூன்று நிலைகள் அந்தப் பதிவாகா. உள்நாட்டிலும், தகராறு வந்தால் நேரத்தோடு கூடிய அளவுத்திருத்தம் பெற்ற வரைபடத்தைத்தான் வாங்குபவர் ஏற்றுக்கொள்வார். லாக்கரின் குறை அதன் விலையால் வருவது: ஒரு வண்டிக்கு ஒன்றோ இரண்டோதான் வைக்கமுடியும், கதவோரம் இருந்த பெட்டிக்கு என்ன ஆயிற்று என்பது அதற்குத் தெரியாது. சாதாரண லேபிள் டேக் மொத்தமாக வாங்கினால் சில ரூபாய்தான். நினைவு அமைப்பும் திரவப் பையும் சேர்ந்தால் அதன் பல மடங்கு ஆகும், ஆனால் ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்றாவது வைக்கக் கட்டுப்படியாகும். வண்டிக்கு நடுவில் லாக்கர், கதவோரத்திலும் மேல் வரிசையிலும் நினைவுள்ள டேக்குகள் என்பது என் பரிந்துரை.

பணம் கொடுப்பதற்கு முன் விற்பனையாளரிடம் மாதிரி வாங்கி, உங்கள் கிடங்கிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். டேக் வைத்த பெட்டிகளை உறையவைத்து ஒருமுறை படியுங்கள். பாதியை அப்படியே விட்டுவிட்டு, மறுபாதியை வெளியே எடுத்து, உள்ளே செருகிய வெப்பமானி பூஜ்ஜியத்தைத் தாண்டி உருகியதை உறுதிசெய்யும்வரை வைத்திருந்து, மீண்டும் முழுதாக உறையவையுங்கள். பிறகு எது எந்தப் பாதி என்று சொல்லாமல் எல்லாப் பெட்டிகளையும் கலந்து, குளிரறைக்குள்ளேயே வைத்து அவரைப் படிக்கச் சொல்லுங்கள். உருகிய நிலையில் படித்துக் காட்டுகிறேன் என்று அவர் வற்புறுத்தினால், அவரிடம் இருப்பது நினைவில்லாத டேக்.